ஜரிகைக்கு அட்மிஷன் கிடைத்த கதை

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகும் சாலையில் இருக்கும் அனைத்துயிர் உயர்சிறப்புக் கால்நடை மருத்துவமனையில் இன்றுவரை ஒரு பிராணியும் செத்ததில்லை. இதை நான் சொல்லவில்லை. வாசலில் ஆளுயரப் பலகை வைத்து அவர்களே எழுதியிருக்கிறார்கள். 'இறப்பில்லா நாட்கள்' என்று தலைப்பு. கீழே உள்ள எண்ணைக் காவலாளி தினமும் காலையில் மாற்றிவிடுவார். இராஜமாணிக்கம் தன் மாட்டை ஏற்றிக்கொண்டு போன அன்று அது ஆயிரத்து நூற்று நாற்பத்தாறாக இருந்தது. திறப்பு விழா நடந்தும் சரியாக அத்தனை நாள்தான் ஆகியிருந்தது.

பக்கத்தில் இன்னொரு பலகை. ஒரே கூரையின் கீழ் இருபத்திரண்டு சேவைகள். நகம் திருத்துதல், பல் வெண்மையாக்குதல், நாய்களுக்கு நீச்சல், பூனைகளுக்கு விடுதி, கிளிகளுக்குப் பேச்சுப் பயிற்சி, மனநல ஆலோசனை, பிறந்தநாள் அரங்கு என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியாக நினைவஞ்சலி மண்டபம். சாவே இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லாததால் உடைந்த நாற்காலிகளை அங்கே போட்டு வைத்திருந்தார்கள். நம்ம ஊரிலும் இப்படி ஒன்று வந்துவிட்டதே என்று பஸ்ஸில் போகிறவர்கள் பெருமையாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் குறைவு.

இராஜமாணிக்கம் பட்டு நெய்கிறவர். வீட்டில் இரண்டு தறி, மனைவி அபிதகுசாம்பாள், ஒரு மாடு, அது ஈன்று இருபது நாள் ஆன கன்று. கறுத்த உடம்பில் விலா ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு நேராக ஓடியதால் மாட்டுக்கு ஜரிகை என்று பெயர். பிள்ளை இல்லாத வீடு. அவர்கள் இரண்டு பேரும் அந்த மாட்டிடம் பேசுகிற பேச்சை ஒருவரிடம் ஒருவர் பேசிக்கொண்டது கிடையாது.

அவர்கள் தெருவில் பாவு போடுகிற நாளென்றால் விடிந்ததும் தெருவை இரண்டு பக்கமும் மறித்துவிடுவார்கள். பட்டு நூலை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டு விறைப்பேற்ற வேண்டும். வெயில் சுள்ளென்று ஏறுவதற்குள் இழை இழையாகப் பிரித்தும் ஆக வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் திருடன் புகுந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அன்று மூன்று வீட்டுப் பாவு. ஓர் அண்டா நிறையக் கஞ்சி காய்ச்சி ஆற வைத்திருந்தார்கள். நடுவில் ஜரிகை வெயிலில் நிற்கிறதே என்று இராஜமாணிக்கம் ஓடிப்போய் அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டு வந்தார். கட்டும்போது கையெல்லாம் கஞ்சி. வாழ்நாளெல்லாம் அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்ட கை போட்ட அந்த முடிச்சு வழுக்கிவிட்டது. அவர்கள் நிமிர்ந்து பார்த்தபோது அண்டாவின் அடியில் கிடந்த சோற்றைக்கூட ஜரிகை நக்கி முடித்திருந்தது.

ஒரு மணி நேரத்தில் இடது வயிறு எழும்ப ஆரம்பித்தது. தட்டினால் மத்தளச் சத்தம். அசை போடுவது நின்றது. வழக்கமாக வரும் மாட்டு டாக்டர் போளூர் பக்கம் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தார்; போன் எடுக்கவில்லை. அபிதகுசாம்பாள் கன்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதுதான் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி கட்டி வைத்திருக்கிறார்களே, அங்கே கொண்டு போகக் கூடாதா என்று அழுதாள். எதிர்வீட்டு தருமனின் குட்டியானை வண்டியில் ஜரிகையை ஏற்றினார்கள். வழி நெடுக இராஜமாணிக்கம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நான்தான் செய்தேன், என்னால்தான் என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

வரவேற்பில் இருந்த சத்யப்ரியா என்ற பெண் எழுந்து நின்று கும்பிட்டாள். அவ்வளவு மரியாதை இராஜமாணிக்கத்துக்கு எங்கேயும் கிடைத்ததில்லை. மாடு சாகக் கிடக்கிறது என்று சொல்ல வாய் வராமல், ஜல்தி பார்க்கச் சொல்லும்மா என்று மட்டும் சொன்னார். அவள் ஒன்பது பக்கப் படிவத்தை எடுத்தாள்.

"பேஷண்ட் பேரு?"

"ஜரிகைம்மா."

"இனிஷியல்?"

மாட்டுக்கு இனிஷியலா என்று விழித்தார். அப்பா பெயர் சொன்னால் போதும் என்றாள். அப்பா யாரென்று தெரியாது, ஊசி போட்டுப் பிறந்த மாடு என்றார். அவள் கொஞ்சமும் முகம் மாறாமல், அப்படியானால் நீங்கள்தான் பெற்றோர் என்று எழுதிக்கொண்டாள். இங்கே மாட்டுக்காரர், நாய்க்காரர் என்று யாரும் கிடையாது, எல்லோரும் பெற்றோர் என்றும் விளக்கினாள். பிறந்த தேதி, பிடித்த நிறம், சுபாவம் எல்லாம் ஆனது. பொழுதுபோக்கு என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்காதாம். அசை போடுறதும்மா என்றார். அதைத்தான் அது காலையிலிருந்து செய்யவில்லை.

வெளியே வண்டியிலிருந்து தருமன் கத்தினான்: "ணா, நாக்கு வெளிய வந்துகினு கீது."

எட்டாவது பக்கம் முடியட்டும் என்றாள் சத்யப்ரியா.

அடுத்து வந்தவர் இளம் டாக்டர் ராதிகா. முகத்தைப் பார்த்தாலே நல்ல பெண் என்று தெரிந்தது. வண்டிக்கே வந்து ஜரிகையின் இடது விலாவில் கை வைத்தார். வைத்த கையைச் சுட்டதுபோல எடுத்துக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"வாய் வழியா ட்யூப் விட்டு வாயுவை எடுத்துட்டா உயிர் தப்பிடும். மத்ததை அப்புறம் பாத்துக்கலாம். ஆனா அட்மிஷன் ஆகாத மாட்டுக்கு நான் வைத்தியம் பண்ணக் கூடாதுங்க. அட்மிஷன் வேணும்னா உயிருக்கு ஆபத்து இல்லைன்னு நான் கையெழுத்துப் போடணும்."

"போடுங்கம்மா."

"போட்டுட்டா, ஆபத்து இல்லாத மாட்டுக்கு எதுக்கு ட்யூப்னு கேப்பாங்க."

போன வருஷம் ஒரு டாக்டர் மூச்சுத் திணறிய ஆட்டுக்குட்டியை உள்ளே சேர்த்துவிட்டதாகவும், அவரை இப்போது கிளிகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கப் போட்டிருப்பதாகவும் ராதிகா சொன்னார். வேண்டுமானால் வேறு ஏதாவது ஒரு துறையில் தடையில்லாச் சான்று வாங்கி வாருங்கள், பார்க்கலாம் என்றார்.

அதற்கப்புறம் இராஜமாணிக்கம் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு பொறுக்கவில்லை. நாக்கு வெளியே தள்ளி, கண் பிதுங்கி, மூச்சுக்கு மூச்சு முனகிக்கொண்டிருந்த மாட்டை அந்த மனுஷன் வண்டியிலிருந்து இறக்கி, துறை துறையாக நடத்திக்கொண்டு போய், எங்க மாட்டுக்கு ஒன்றுமே இல்லை என்று சத்தியம் பண்ணினார். ஏப்பம் கொஞ்சம் லேட்டாகிறது, அவ்வளவுதான் என்றார். சிரிக்கக்கூடச் செய்தார். ஆபத்து என்று சொன்னால் வெளியே தள்ளுவார்கள், சௌக்கியம் என்று சொன்னால் வைத்தியம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எந்தச் சொல்லைச் சொன்னால் ஒரு ட்யூபுக்கு வழி பிறக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

பல் துறையில், வாய் தானாகவே திறந்திருப்பது பரிசோதனைக்கு மிகவும் வசதி என்று பாராட்டி, பல்லைச் சுத்தம் செய்ய அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். மனநல ஆலோசகர் சங்கீதா ஜரிகையின் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதன் கண்ணை உற்றுப் பார்த்தார். கஞ்சி குடிப்பதற்கு முன்னால் வீட்டில் ஏதாவது மனக்கசப்பு உண்டா என்று இராஜமாணிக்கத்தைக் கேட்டார். அவர் யோசித்தார். முந்தின நாள் உதைத்துப் பாலைக் கொட்டிவிட்டது, சனியனே என்று ஒரு வார்த்தை திட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டு உடைந்து அழுதார். சங்கீதா மிகவும் திருப்தியோடு, 'பெற்றோர் புறக்கணிப்பால் விளைந்த மிகை உணவு' என்று எழுதி, எட்டு வாரம் தொடர்ந்து அழைத்து வரச் சொன்னார். சான்று மட்டும் எட்டு வாரம் முடிந்த பிறகுதான் என்றார்.

அன்று மருத்துவமனைக்கு நட்சத்திர அந்தஸ்து கொடுக்க மூன்று பேர் கொண்ட தர மதிப்பீட்டுக் குழு வந்திருந்தது. மூன்று நாள் தங்கிப் பார்ப்பதாக ஏற்பாடு. இயக்குநர் டாக்டர் கோபிநாத் முன்வாசலில் நின்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நல்ல குரல், இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டு. அவர் பேச்சில் ஒளிவு மறைவே கிடையாது.

"மற்ற மருத்துவமனைகள் செய்கிற அடிப்படைத் தவறு என்ன தெரியுமா? நோயாளிகளை உள்ளே விட்டுவிடுகிறார்கள். விட்ட பிறகு சாகிறதே என்று வருத்தப்படுகிறார்கள். நாங்கள் வாசலிலேயே கவனமாக இருக்கிறோம். இங்கே சுகமில்லாமல் எந்தப் பிராணியும் படுத்ததில்லை. சுகமாக உள்ளே வரும், சுகமாக வெளியே போகும். மரணம் என்பது நிர்வாகக் கோளாறு, அவ்வளவுதான்."

குழுவில் இருந்தவர்கள் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். அப்போது மனநலத் துறையிலிருந்து திரும்பி வந்த ஜரிகை, அவர்களுக்குப் பத்தடி தள்ளி, முன்கால் மடிந்து பொத்தென்று விழுந்தது.

இராஜமாணிக்கத்தின் நடிப்பெல்லாம் அத்தோடு முடிந்தது. மாட்டின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, யாராவது வாங்களேன் என்று அலறினார். இயக்குநர் பதறவில்லை. கேட்டுக்குக் குறுக்கே தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தது. அதுதான் மருத்துவமனையின் எல்லை. கோட்டைத் தாண்டி மாட்டை இழுத்துப் போடும்படி காவலாளிகளுக்குக் கைகாட்டினார்.

"தவறாக நினைக்காதீர்கள் பெரியவரே," என்றார். "உங்கள் மாடு கஷ்டப்படுவதில் எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. எந்த இடத்தில் கஷ்டப்படுகிறது என்பதுதான் கேள்வி."

இரண்டு பேர் வாலைப் பிடித்தார்கள், ஒருவர் கொம்பைப் பிடித்தார். முந்நூறு கிலோ மாடு அசையவில்லை. அந்த நேரத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த லீலா என்ற பெண் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள். இங்கே வருவதற்கு முன் பதினெட்டு வருஷம் ஒரு கிராமத்து மாட்டு டாக்டருக்குக் கூடமாட வேலை செய்தவள். வந்தவள் யாரையும் கேட்கவில்லை. பறிக்கக் கூடாது என்று எழுதியிருந்த மூலிகைத் தோட்டத்து வேப்பமரத்தில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு குச்சியை ஒடித்தாள்.

"இன்னாணா பாத்துகினு கீற? துண்டைக் குடு. மாட்டை நெஞ்சு மேல நிமித்தி உக்கார வை."

குச்சியை வாய்க்குக் குறுக்கே கொடுத்து, துண்டால் கொம்போடு சேர்த்துக் கட்டினாள். குச்சியைத் துப்பப் பார்த்து மாடு வாயை மெல்ல ஆரம்பித்தது. கேண்டீனுக்கு ஓடிக் கடலை எண்ணெயும் பெருங்காயமும் வாங்கி வந்து, தருமனை முகத்தைப் பிடிக்கச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் கடைவாயில் விட்டாள். பிறகு இரண்டு கை முட்டியாலும் இடது விலாவை மாவு பிசைவதுபோல அழுத்தினாள். இராஜமாணிக்கமும் அழுத்தினார். கால் மணி நேரம் இருக்கும். ஜரிகையின் கண் மேலே செருகத் தொடங்கியபோது அவர் அழுத்துவதை நிறுத்திவிட்டார். விடாதணா என்று லீலா அதட்டினாள்.

அப்புறம் வந்தது அந்த ஏப்பம். புளித்த கஞ்சி வாடையோடு, நீளமாக, முன்வாசல் முழுவதும் கேட்கும்படி வந்தது. பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று. விலா இறங்கியது. ஜரிகை தலையை உதறிக்கொண்டு எழுந்து நின்று, கேட்டுவரை நடந்து, மஞ்சள் கோட்டின் மேலேயே சாணி போட்டது. இராஜமாணிக்கம் லீலாவின் காலைத் தொடப் போனார். சீ, எழுந்திருணா என்று அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

குழுத் தலைவர் பேனாவைத் திறந்து, இது என்ன என்று கேட்டார். நேரடிச் சிகிச்சைச் செயல்விளக்கம் என்றார் இயக்குநர், ஒரு விநாடிகூடத் தயங்காமல். ராதிகா வந்து ஜரிகையைத் தொட்டுப் பார்த்து, சந்தோஷமாக, இப்போது உயிருக்கு ஆபத்து இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாவம், அந்தக் கையெழுத்துத்தான் வினையானது.

ஆபத்து இல்லாத மாடு, அட்மிஷனுக்கு முழுத் தகுதி உள்ள மாடு. பெரிய பிராணிகள் பிரிவில் எட்டுப் படுக்கையும் திறப்பு விழா நாளிலிருந்து காலி. குழுவுக்குக் காட்ட ஒரு நோயாளியாவது வேண்டும். நான்கு நிமிஷத்தில் ஜரிகைக்கு அட்மிஷன் கிடைத்தது. சாமந்தி மாலை போட்டார்கள். நான் வீட்டுக்குக் கொண்டு போகிறேன், கன்று பட்டினி கிடக்கிறது என்று இராஜமாணிக்கம் கெஞ்சினார். படிவத்தின் ஒன்பதாவது பக்கத்தில், டிஸ்சார்ஜ் ஆகும்வரை பேஷண்ட் இங்கேயே இருக்கும் என்று அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருப்பதை சத்யப்ரியா மரியாதையாக எடுத்துக் காட்டினாள். லீலாவுக்கு மாலையிலேயே சஸ்பென்ஷன் கடிதம் வந்தது. குற்றம், துறை அனுமதி இன்றிக் குணப்படுத்தியது.

ஜரிகையின் அறையில் குளிர்சாதனம், பஞ்சு மெத்தை, சுவரில் பெரிய டிவி. டிவியில் இருபத்து நாலு மணி நேரமும் பச்சைப் புல்வெளி ஓடியது. தின்ன மட்டும் புல் கிடையாது. வைக்கோல் தூசி கிளப்பும் என்று தடை. தட்டில் பிஸ்கட் வைத்தார்கள். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்வை நேரம் மாலை நாலு மணியிலிருந்து நாலே கால்வரை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று. இராஜமாணிக்கம் கண்ணாடியில் கை வைத்தபோது அது அவரைப் பார்த்துக் கத்தியது. சத்தம் வெளியே கேட்காத கண்ணாடி. வாய் திறந்து மூடியது மட்டும் தெரிந்தது.

இரண்டாம் நாள் மடியைப் பார்த்தார். யாரும் கறக்கவில்லை. காம்பு விறைத்து, மடி கல்லாகி, பின்காலை அகட்டி வைத்துக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு நாள் விட்டால் மடி கட்டிச் சீழ் பிடிக்கும். வீட்டில் அபிதகுசாம்பாள் சீசாவில் ஊற்றிக் கொடுக்கும் பாலைக் கன்று துப்புகிறது. ஒரு ஐந்து நிமிஷம் உள்ளே விடுங்கள், கறந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று ராதிகாவிடம் கையெடுத்துக் கும்பிட்டார். பால் கறத்தல் இருபத்திரண்டு சேவைகளில் இல்லை என்றார் ராதிகா. சொல்லும்போது அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அந்தக் கலங்கலை வைத்துக்கொண்டு கறக்கவா முடியும்?

இயக்குநரைப் போய்ப் பார்த்தார். அவர் உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, பொறுமையாகவே விளக்கினார்.

"டிஸ்சார்ஜ் என்றால் குணமானதற்குச் சான்று தர வேண்டும். உங்கள் மாட்டுக்கு எந்த நோயும் இல்லை என்று எழுதித்தான் சேர்த்திருக்கிறோம். இல்லாத நோயை நான் எப்படிக் குணமாக்குவது? குழு போகும்வரை இருக்கட்டும். இங்கே அதற்கு என்ன குறை?"

மூன்றாம் நாள் காலையில் இராஜமாணிக்கம் கேட்டுக்கு வெளியே சாலையோரம் குந்தியிருந்தார். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. சஸ்பென்ஷன் கடிதத்துக்குப் பதில் கொடுக்க வந்த லீலா அவரைப் பார்த்துப் பக்கத்தில் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"மாடு சாவப்போவுதுன்னு சொல்லுணா. அஞ்சு நிமிஷத்துல வெளிய கொணாந்து வுட்டுடுவாங்க."

அவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். நெசவு வீட்டில் நூல் அறுந்தது என்றுகூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். உயிரோடு நிற்கிற மாட்டை, வீட்டு மகாலட்சுமியை, அந்த வார்த்தையா சொல்வது? சொல்லி அது பலித்துவிட்டால்? தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். மாட்டேன் என்று தலையாட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் கத்தினாலும் கேட்காத ஒரு அறையில் மடி வலிக்க நிற்கும் மாட்டை நினைத்துக்கொண்டு, கடைசியில் அவர் எழுந்தார்.

இயக்குநர் குழுவினரோடு காலை உணவில் இருந்தார். இராஜமாணிக்கம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். பொய்தான் சொல்லப் போனார். ஆனால் வாயைத் திறந்ததும் இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் குரலில் ஏறிக்கொண்டது.

"என் மாடு சாவப்போவுது சார். இன்னிக்கே சாவப்போவுது. இங்கயே சாவப்போவுது."

இயக்குநரின் கையில் இருந்த இட்லி தட்டில் விழுந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தனை நிமிஷத்தில்?"

அந்த மருத்துவமனை அவ்வளவு வேகமாக வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. ஒன்பது பக்கம் இல்லை, பெற்றோர் பெயர் இல்லை, சான்று இல்லை. பல் துறையும் மனநலத் துறையும் ஓடி வந்தன. கிளி டாக்டர்கூட ஓடி வந்தார். ஏழு பேர் சேர்ந்து ஜரிகையைத் தள்ளினார்கள். இயக்குநர் தன் இரண்டு கையையும் அதன் பின்பக்கத்தில் கொடுத்து மஞ்சள் கோடுவரை தள்ளினார். அங்கே அவர் ஒரு பிராணியைத் தொட்டது அதுதான் முதல் தடவை. தாண்டியதும் கேட்டைச் சாத்திக்கொண்டார்கள்.

இராஜமாணிக்கம் சாலையோரத்திலேயே குந்தி உட்கார்ந்து மடியில் கை வைத்தார். ஜரிகை துள்ளியது, உதைக்கவில்லை. முதலில் கட்டி கட்டியாக, இளஞ்சிவப்பாக வந்தது. பீச்சிப் பீச்சி மண்ணில் விட்டார். வாய் மட்டும், பொய் சொன்னேன்டி கண்ணு, நீ நூறு வருஷம் இருப்பே, பொய்தான் சொன்னேன் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துப் பால் வெள்ளையாக வந்தது. அவர் தன் தோளிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது களம்பூர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. சின்னபொண்ணு என்கிற ஒருத்தி, முந்தானையில் சுற்றிய ஆட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ஆட்டின் வாயில் நுரை தள்ளியிருந்தது. பலகைகளை அண்ணாந்து பார்த்தாள், சாத்தியிருந்த கேட்டைப் பார்த்தாள், பிறகு மாட்டோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

"இங்க நல்லா பாப்பாங்களாணா?"

இராஜமாணிக்கம் காம்பை விட்டுக் கையை எடுக்காமலே பதில் சொன்னார்.

"நல்லா கீற ஆட்டை ரொம்ப நல்லா பாப்பாங்கம்மா. இது நோவுல கீது. நீ இப்படி வா."

லீலா அதற்குள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, ஆட்டை வாங்கித் தரையில் கிடத்தி, அதன் வயிற்றில் காதை வைத்திருந்தாள்.